மிஷன் ட்ரிப் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம்

2016 ஜனவரில எங்க சபைல இருந்து ஒன்பது பேர் மிஷன் ட்ரிப்பா, அதாவது ஊழியமும் உதவியும் செய்யுற பயணமா, நேபாளம் போனோம். முந்தின வருஷம் ஏப்ரல் 25ஆம் தேதி வந்த நிலநடுக்கத்துல ரொம்ப அடிபட்ட மாவட்டங்கள்ல ஒன்னு சிந்துபால்சோக். அங்க ஒரு மலைக் கிராமத்துல பத்து நாள் இருந்தோம், தகர ஷீட் சுமந்தோம், இடிஞ்ச கல்லையெல்லாம் ஒரு பக்கமா அடுக்குனோம், மூச்சு வாங்குனோம். திரும்பி வந்த ஞாயித்துக்கிழமை ஆராதனைல சாட்சி சொல்லுங்கன்னு ஐயர், அதாவது எங்க சபை போதகர், கூப்பிட்டார். நான் பவர்பாயிண்ட் எல்லாம் போட்டு, அங்க ஒரு குடம் தண்ணிக்காக அரை மணி நேரம் மலை இறங்கி ஏறுறாங்க, நமக்கு குழாயத் திறந்தா தண்ணி வருது, நாம எவ்வளவு ஆசீர்வதிக்கப்பட்டவங்கன்னு நமக்கே தெரியல, அப்படின்னு உருகி உருகி பேசினேன், ரெண்டு பேர் கண்ணத் தொடச்சாங்க.

வெளில வந்து செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன், எங்க சபை ஆச்சி ஒருத்தங்க பக்கத்துல வந்து நின்னாங்க. "ஏலே, நல்லாத்தான் பேசுன. நம்ம கோயிலுக்குப் பின்னால கிழக்குத் தெரு இருக்குல்லா, அங்க எத்தன நாளைக்கு ஒருக்க தண்ணி வருதுன்னு உனக்குத் தெரியுமால?"

தெரியாது. அந்தத் தெரு எங்க கோயில், அதான் சர்ச், காம்பவுண்டு சுவத்துல இருந்து நூறு அடிகூட இருக்காது. ஆறு நாளைக்கு ஒருக்க வருமாம், அதுவும் ராத்திரி.

அன்னைல இருந்து இந்த விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. மிஷன் ட்ரிப்புக்கு ஆள் சேர்க்கும்போது எல்லாரும் சொல்ற வாக்குறுதி ஒன்னுதான், நீ அங்க போய் கொடுக்கப் போறதவிட வாங்கிட்டு வரப் போறதுதான் ஜாஸ்தி, திரும்பி வந்ததும் நன்றியுள்ளவனா மாறுவ, உன் ஊர்லயே ஊழியம் செய்வ. இது நிஜமாவே நடக்குதா, நடந்தா யாருக்கு நடக்குது, ஏன் பாதிப் பேருக்கு நடக்க மாட்டேங்குது, இத கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். பழைய மிஷனெரிங்க போனா போனதுதான், கப்பல்ல மாசக்கணக்கா வந்து, பாஷை கத்துக்கிட்டு, பாதிப் பேர் இங்கயே மண்ணுக்குள்ள போயிட்டாங்க, நம்ம ஊர் பழைய கல்லறைத் தோட்டங்கள்ல போய் நின்னு பார்த்தா தெரியும், இருபத்தஞ்சு வயசு, ஒன்றரை வயசுன்னு கல்லு கல்லா இருக்கும். லீவு போட்டுட்டு போயிட்டு வர்ற மிஷன் ட்ரிப்ங்கிறது விமானம் மலிவான காலத்தோட சரக்கு. 1957ல ஜார்ஜ் வெர்வர்னு ஒரு அமெரிக்க காலேஜ் பையன் ரெண்டு நண்பர்களோட வண்டி நிறைய கிறிஸ்தவப் புத்தகம் ஏத்திக்கிட்டு மெக்சிகோ போனார், அதுல இருந்து வளர்ந்ததுதான் ஆபரேஷன் மொபிலைசேஷன்ங்கிற மிஷன் அமைப்பு. 1960ல லோரன் கன்னிங்ஹாம் ஆரம்பிச்சது யூத் வித் எ மிஷன். இளைஞர்கள குறுகிய காலத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பலாம்ங்கிற எண்ணத்த பரவலாக்குனதுல இந்த ரெண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அப்புறம் அது சபைக்குச் சபை, ஸ்கூலுக்கு ஸ்கூல் பரவி, 2005ல ராபர்ட் வுத்னோங்கிற பிரின்ஸ்டன் சமூகவியல் பேராசிரியர் எடுத்த சர்வே கணக்குப்படி அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு சுமார் 16 லட்சம் சபை மக்கள் இப்படி வெளிநாடு போயிட்டு வந்தாங்க. அதுவும் பெரியவங்க கணக்கு மட்டும்.

இவ்வளவு பேர் போயிட்டு வந்து எல்லாரும் மாறியிருந்தா அமெரிக்கா இன்னேரம் வேற மாதிரி இருந்திருக்கணுமேன்னு யாருக்கும் தோணும். அந்தக் கேள்விய ஒருத்தர் உருப்படியா எடுத்து அளந்து பார்த்தார். கர்ட் வெர் பீக், மிச்சிகன்ல இருக்கிற கால்வின் கல்லூரிப் (2019ல இருந்து பல்கலைக்கழகம்) பேராசிரியர், ஆனா பல வருஷமா ஹோண்டுராஸ்லயே குடியிருந்தவர், அவரும் கிறிஸ்தவர்தான், வெளில நின்னு கல்லெறியிற ஆளில்ல. 1998 அக்டோபர் கடைசில மிட்ச் புயல் ஹோண்டுராஸ துடைச்சுப் போட்டுச்சு, ஆயிரக்கணக்கான பேர் செத்துப்போனாங்க. அப்புறம் வட அமெரிக்கால இருந்து சபை டீம்கள் வந்து வீடு கட்டிக் கொடுத்தாங்க, உள்ளூர் கிறிஸ்தவ அமைப்பும் அதே மாதிரி வீடு கட்டுச்சு. இவர் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தார். டீம் வந்து கட்டுன வீட்டுக்கு பிளேன் டிக்கெட், தங்குற செலவு எல்லாம் சேர்த்து சராசரியா 30,000 டாலர். உள்ளூர் ஆளு கட்டுனா 2,000 டாலர். ஒரு வீட்டுக் காசுல பதினஞ்சு வீடு, கணக்கு அவ்வளவுதான். வீடு கிடைச்ச குடும்பங்களோட வாழ்க்கைல வெள்ளைக்காரங்க கட்டுனதா உள்ளூர்க்காரங்க கட்டுனதாங்கிறதால பெரிய வித்தியாசமும் இல்ல.

சரி, வீடுதான் விலை கூடுதல், போன ஆட்கள் மனசு மாறிச்சுல்ல, அதுக்கு விலை போட முடியுமான்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அதையும் விடாம பார்த்திருக்கார். வந்துட்டுப் போனவங்ககிட்ட கேட்டா நிறைய பேர் மாறிட்டோம்னாங்க, காணிக்கை கூடக் கொடுக்குறோம்னாங்க. அவங்கள அனுப்புன அமைப்போட கணக்குப் புத்தகத்த எடுத்துப் பார்த்தா அவங்க சொன்ன அளவு ஏத்தம் எங்கயும் இல்ல. பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கல, நானும் அந்த ஞாயித்துக்கிழமை மைக் முன்னாடி நின்னப்போ மாறிட்டேன்னுதான் நம்பினேன். வெர் பீக் இதுக்கு மரக்கன்னு உதாரணம் சொல்றார், இளங்கன்ன வளைச்சா வளையும், கைய விட்டா பழையபடி நிமிர்ந்துக்கும், வளைஞ்ச வாக்குல நிக்கணும்னா பக்கத்துல கம்பு நட்டு கட்டி வைக்கணும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு நாம கேட்டுட்டு நிறுத்திடுறோம், வளைஞ்சதே நிக்காதுங்கிறது அடுத்த பிரச்சனை.

ஏன் நிக்க மாட்டேங்குதுன்னா, என் அபிப்பிராயத்துல அந்த நன்றியோட சரக்கே தப்பு. நாம அங்க போய்ப் பார்க்கிறது இல்லாமை. அத நம்ம வீட்டு இருக்கிறதோட ஒப்பிடுறோம், ஐயோ நமக்கு எவ்வளவு இருக்குன்னு ஒரு அதிர்ச்சி, அந்த அதிர்ச்சிய நன்றின்னு பேர் வச்சுக்கிறோம். லூக்கா 18ல பரிசேயன் செஞ்ச ஜெபமும் ஒரு நன்றி ஜெபம்தானே, மற்ற மனுஷரைப்போல இராததனால உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்னான். கேட்க கடுமையா இருக்கும், ஆனா என் பவர்பாயிண்ட்ட இப்போ நினைச்சா அதுல பாதி ஸ்லைடு அந்த ஜெபம்தான். அதுலயும் இந்த ஒப்பீடு நிலைக்கணும்னா எதிர்ல அந்த இல்லாமை இருந்துட்டே இருக்கணும். வீட்டுக்கு வந்து ஃபேன் போட்டுப் படுத்தா ரெண்டு வாரத்துல ஃபேன் திரும்பவும் சாதாரண ஃபேன் ஆயிடும்.

இதோட இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்கேன். சில வருஷம் முன்னாடி வெளிநாட்டுல இருந்து வந்த ஒரு டீமுக்கு நான் மொழிபெயர்ப்பு. ஒரு ஹாஸ்டல் சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறது அவங்க புராஜெக்ட். நல்ல பிள்ளைங்க, வெயில்ல செவந்துபோய் சிரிச்சுக்கிட்டே வேலை பார்த்தாங்க. அந்த ஹாஸ்டலுக்கு வழக்கமா பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஒரு ஓரமா பீடிய கைல வச்சுக்கிட்டு நின்னு பார்த்துட்டே இருந்தார், கடைசில தாங்க முடியாம என்கிட்ட வந்து, "தம்பி, சுவத்த தேய்க்காமலே அடிக்காங்களே, ப்ரைமரும் போடல, ஒரு மழைக்குத் தாங்காது, சொல்லுங்க"ன்னார். நான் சொல்லல. சொல்லியிருக்கணும், ஆனா அந்தப் பிள்ளைங்க முகத்தப் பார்த்து வாய் வரல. அந்த வருஷ ஐப்பசி மழைல உரிஞ்சுது, அதே அண்ணன் திரும்ப அடிச்சார், இந்தத் தடவை கூலி கிடைச்சுது. அவருக்கு அந்த டீமுல ஒருத்தர் பேரும் தெரியாது, டீமுல ஒருத்தருக்கும் அவர் பேர் தெரியாது. பக்கத்துல பக்கத்துல நாலு நாள் நின்னுருக்காங்க.

அதுக்காக வெளியூர் பயணத்தால ஒன்னும் விளையாதுன்னு சொல்ல வரல. சொன்னா எங்க ஊர்க்காரன் நானே கூண்டேறி நின்னு பொய் சொன்ன மாதிரி ஆயிடும், ஏன்னா திருநெல்வேலி சபை வரலாத்துலயே ஒரு பெரிய திருப்பம் ஒரு கடல் தாண்டிய பயணத்துல இருந்துதான் வந்துச்சு.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874ல வெள்ளாளன்விளைல பிறந்தவர், அப்பா சபை ஐயர், இவர் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரா தென்னிந்தியா பூரா சுத்திக்கிட்டு இருந்தார். 1902ல யாழ்ப்பாணம் போறார். அங்க இருந்தது அமெரிக்க மிஷன் சபைங்க. அந்த மிஷனோட கதையே ஒரு தனிக் கதை, 1806ல மாசசூசெட்ஸ்ல அஞ்சு காலேஜ் பசங்க மழைக்கு ஒரு வைக்கோல் போர்ப் பக்கம் ஒதுங்கி ஜெபம் பண்ணதுல ஆரம்பிச்சு, 1810ல மிஷனெரிங்கள அனுப்புற அமெரிக்கன் போர்டு உருவாகி, 1816ல யாழ்ப்பாணத்துக்கு ஆள் வந்து சேர்ந்தாங்க. ஆனா அசரியா கண்ணுல பட்டது அமெரிக்கர்கள் இல்ல. யாழ்ப்பாணத்துத் தமிழ் கிறிஸ்தவங்க, அதுவும் மாணவர்கள், தங்களுக்குள்ளயே சங்கம் வச்சு, காசு சேர்த்து, கடலுக்கு இந்தப் பக்கம் இந்தியாவுக்கு ஊழியர் அனுப்பித் தாங்கிட்டு இருந்தாங்க. சின்ன சபை, கையளவு ஜனம், அவங்க நம்ம கரைக்கு ஆள் அனுப்புறாங்க. திருநெல்வேலி சபை அதவிட எத்தனையோ மடங்கு பெருசு, நூறு வருஷத்துக்கு மேல பழசு, அதுவரைக்கும் வெள்ளைக்காரர் கொண்டுவந்து கொடுத்தத வாங்கிப் பழகுன சபை. அது அவருக்குச் சுருக்குன்னு பட்டுச்சு.

திரும்பி வந்தவர் சாட்சி சொல்லிட்டு உட்காரல. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி திருநெல்வேலில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமாச்சு. இந்திய ஊழியர், இந்தியக் காசு, இந்திய நிர்வாகம், இது அவங்க போட்ட கட்டளை, வெளிநாட்டுக் காசு வேண்டாம். டோர்னக்கல் பக்கம், இப்போ தெலங்கானா, அப்போ நிஜாம் சீமை, அங்க ஆள் அனுப்புனாங்க. தெலுங்கு தெரியாத தமிழருக்கு அதுவும் ஒரு வெளிநாடுதான். பிறகு 1909ல அசரியாவே எல்லாத்தையும் விட்டுட்டு அங்க போயிட்டார், தெலுங்கு கத்துக்கிட்டார், 1912 டிசம்பர்ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப்பா அபிஷேகம் ஆனார், 1945 புத்தாண்டு அன்னைக்கு இறக்குற வரைக்கும் அங்கதான்.

இந்தக் கதைல நான் முக்கியமா பிடிச்சுக்கிறது ஒன்னு. அசரியா யாழ்ப்பாணத்துல பார்த்தது வறுமைய இல்ல. தன்னவிட கம்மியா வச்சுக்கிட்டு தன்னவிட அதிகமா கொடுக்கிற, தன் பாஷையே பேசுற ஆட்கள. இல்லாதவங்களப் பார்த்து வர்ற நன்றி கரைஞ்சு போயிடும், கொடுக்கிறவங்களப் பார்த்து வர்ற வெட்கம் வீடு வரைக்கும் கூடவே வரும். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இதே வேலையத்தான் பண்றார், வசதியான கொரிந்து சபைகிட்ட போய் மக்கெதோனியா சபை கதைய சொல்றார், கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும் மிகுந்த உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள்னு. மக்கெதோனியாக்காரங்க பாவம், உங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு பாருங்கன்னு அவர் எழுதல.

எனக்கும் நேபாளத்துல அது நடந்துச்சு, ஆனா அப்போ புத்தில ஏறல, பவர்பாயிண்ட்லயும் அது இல்ல. அங்க வாராந்திர லீவு சனிக்கிழமை, அதனால சபை கூடுறதும் சனிக்கிழமைதான். கோயில் சுவர் விழுந்துட்டதால மூங்கில் நட்டு தகரம் போட்டு, தரைல தார்ப்பாய் விரிச்சு ஆராதனை. காணிக்கை நேரத்துல ஒரு துணிப்பை வந்துச்சு, எவரெஸ்ட் படம் போட்ட பத்து ரூபா இருபது ரூபா நோட்டா விழுந்துச்சு. எதுக்கு இந்தக் காணிக்கைன்னு பக்கத்துல கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காம், அவங்களுக்கு இன்னும் தகரம் வந்து சேரலையாம். எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த அம்மா, முந்தின நாள் அவங்க வீட்டு இடிபாட்டுக் கல்லத்தான் நான் அடுக்கிட்டு இருந்தேன், அவங்க மடில இருந்து ஒரு நோட்ட எடுத்து நாலா மடிச்சத நீவி நீவி நேராக்கிட்டு போட்டாங்க. நான் சாட்சில தண்ணிக் குடத்தச் சொன்னேன், இந்த நோட்டச் சொல்லல. ஏன் சொல்லலைன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். குடத்தச் சொன்னா நான் பாக்கியவான், நோட்டச் சொன்னா நான் மாட்டிக்குவேன், அதான்.

ரெண்டாவது விஷயம், போறதுக்கு முன்னாடியே ஊர்ல ஒரு வேர் இருக்கணும். ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டின்னு வீடு கட்டிக் கொடுக்கிற அமைப்பு இருக்குல்ல, அதோட கதை இதுக்கு நல்ல உதாரணம். மில்லர்ட் ஃபுல்லர் அலபாமாவுல வக்கீல், வியாபாரி, முப்பது வயசுக்குள்ள கோடீஸ்வரர். குடும்பம் உடையுற நிலைக்கு வந்ததும் அவரும் மனைவி லிண்டாவும் சேர்ந்து சொத்த வித்துக் கொடுத்துட்டு ஜார்ஜியால கொய்னோனியா பண்ணைக்கு வந்து சேர்ந்தாங்க. அது 1942ல கிளாரன்ஸ் ஜோர்டன் ஆரம்பிச்சது, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்னா உட்கார்ந்து சாப்பிடலாம்னு வச்ச இடம், அதுக்காகவே ஊர்க்காரங்க சாமான் விக்க மாட்டேன்னு ஒதுக்கி வச்சாங்க, துப்பாக்கியால சுட்டாங்க. அங்கதான் லாபமும் இல்லாம வட்டியும் இல்லாம ஏழைகளோட சேர்ந்து வீடு கட்டுற யோசனை மொளச்சுது. அதுக்கப்புறம்தான் 1973ல ஃபுல்லர் குடும்பம் அப்போ ஜாயிர்னு பேர் இருந்த காங்கோவுக்கு, முபண்டாகா ஊருக்குப் போனாங்க, மூணு வருஷம் அதே முறைல வீடு கட்டுனாங்க, 1976ல திரும்பி வந்து ஜார்ஜியாவுல அமெரிக்கஸ்ங்கிற ஊர்ல ஹேபிடாட்ட ஆரம்பிச்சாங்க. 1984ல முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் சுத்தியலத் தூக்கிட்டு வந்து சேர்ந்ததும் உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு, அவர் 2006ல நம்ம நாட்டுக்கும், லோனாவாலா பக்கம் மாளவ்லிக்கு, வீடு கட்ட வந்தார்.

பேச்சு வழக்குல இத "ஆப்பிரிக்கா போனார், மனசு மாறினார், வந்து ஆரம்பிச்சார்"னு சுருக்கிடுவாங்க. அப்படி இல்ல. தெற்கு ஜார்ஜியாவோட இத்துப்போன வீடுகள அவர் போறதுக்கு முன்னாடியே பார்த்து, கட்ட ஆரம்பிச்சாச்சு. ஆப்பிரிக்கா அந்த முறை வேற மண்ணுலயும் நிக்கும்னு காட்டுச்சு. போனதும் பத்து நாள் இல்ல, மூணு வருஷம். வீடு வாங்குற குடும்பமும் கூட நின்னு உழைக்கணும், பணத்த தவணைல திருப்பிக் கட்டணும்னு விதி இருந்ததால கொடுக்கிறவன் வாங்குறவன்னு ரெண்டு ஜாதி அங்க உருவாகல. எங்க பெயிண்டர் அண்ணன் அந்த டீமோட ஒரு ரோலரப் பிடிச்சிருந்தா, தேய்க்கிறது எப்படின்னு அவர் சொல்லிக் கொடுத்திருந்தா, அந்தப் பிள்ளைங்க ஊருக்கு எடுத்துட்டுப் போயிருக்கிறது வேற கதையா இருந்திருக்கும்னு அடிக்கடி நினைப்பேன்.

கெடுதல் வர்ற இடமும் உண்டு, அதையும் சொல்லிடணும். கம்போடியால அனாதை இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைங்கள்ல நாலுல மூணு பங்குக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு யுனிசெஃப் சொல்லுச்சு. வெளிநாட்டு டீம்கள் வந்து பிள்ளைங்களோட விளையாடி காசு கொடுத்துட்டுப் போறதால இல்லங்கள் பெருகிச்சு, பிள்ளைங்க தேவைப்பட்டாங்க. ஒரு வாரம் கட்டிப்பிடிச்சு கொஞ்சிட்டு அழுதுட்டே பஸ் ஏறுறவங்களுக்கு அது வாழ்க்கைல மறக்க முடியாத வாரம், அந்தப் பிள்ளைக்கு அது அந்த வருஷத்துல விட்டுட்டுப் போன எத்தனாவது டீமோ. பிள்ளைங்க சம்பந்தப்பட்ட ட்ரிப்புன்னா நான் இப்போ பேசவே மாட்டேன், வேண்டாம்னுடுவேன்.

எங்க சபைக் கதைக்கு வர்றேன். ஆச்சி கேட்ட கேள்விக்கப்புறம் எங்க ஒன்பது பேர்ல அஞ்சு பேர் கிழக்குத் தெருவுக்குப் போனோம். மொத நாள் செம கேவலம், பிஸ்கட் பாக்கெட் வாங்கிட்டுப் போனோம், ஒரு அக்கா வாசல்ல நின்னு, "எலெக்‌ஷனா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் மெதுவா பழகுச்சு. தண்ணி விஷயமா அவங்களே ஏற்கனவே மூணு மனு கொடுத்திருந்தாங்க, எங்ககிட்ட அவங்களுக்குத் தேவைப்பட்டது நாலாவது மனுவ டைப் பண்ணித் தர்றதும், பகல்ல ஆபீஸ்ல போய் நிக்க ஒரு ஆளும்தான். பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் டியூஷன் ஆரம்பிச்சோம். ஒரு வருஷத்துல அஞ்சு மூணாச்சு. தண்ணி இப்போ மூணு நாளைக்கு ஒருக்க வருது, அதுல எங்க பங்கு எவ்வளவுன்னு கேட்டா நாலாவது மனுவோட பிரிண்ட் அவுட் செலவு.

நன்றி எங்க போச்சுன்னு கேட்டா, வேற மாதிரி வந்துச்சு. எங்க கோயில் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி காய் வெட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் கிழக்குத் தெருக்காரங்கன்னே எனக்கு இருபத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது. சின்ன வயசுல இருந்து அந்த சாப்பாட்ட சாப்பிட்டு வளந்திருக்கேன். வாங்கிட்டு இருந்தது நான், அதுகூடத் தெரியாம நேபாளம் வரைக்கும் கொடுக்கப் போயிருக்கேன்.

போன வருஷம் அடுத்த ட்ரிப்புக்கு கமிட்டி போட்டாங்க, என்னையும் சேர்த்தாங்க. நான் வைச்ச ரெண்டு நிபந்தனைய ஒத்துக்கிட்டாங்க, போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஊருக்குள்ள ஏதாவது ஒரு வேலைல இருந்திருக்கணும், வந்தப்புறம் ஒரு வருஷம் அத தொடரணும், டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடியே கையெழுத்து. அதோட விண்ணப்பத்துல பாஸ்போர்ட் நம்பர், ரத்தவகைக்கு அடுத்து ஒரு கேள்வி சேர்த்தேன்: கிழக்குத் தெருவுல உங்களுக்குப் பேர் தெரிஞ்ச மூணு குடும்பத்த எழுதவும். பதினெட்டு விண்ணப்பம் வந்துச்சு. ஏழு பேர் அந்த இடத்த காலியா விட்டிருந்தாங்க, ஒருத்தர் மூணு பேரும் கற்பனையா எழுதியிருந்தார், ஆச்சிகிட்ட காட்டுனதும் சிரிச்சுட்டாங்க. காலியா விட்டவங்கள்ல ஒருத்தன் கமிட்டி மெம்பர் ஒருத்தரோட மகன், அதனால இப்போ கொஞ்சம் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.